முள்ளங்கி இலையில் 22 கால்கள்

கேள்வி தாளவாடியிலிருந்து வந்திருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால் இதுதான். ஒன்றரை ஏக்கரில் முள்ளங்கி, அதை ஒட்டி முட்டைக்கோஸ் நாற்றங்கால். பதினைந்து நாள் பயிரில் கரும்பச்சை நிறப் புழு ஏறியிருக்கிறது. முதுகில் நீளவாக்கில் கறுப்புக் கோடுகள். கை பட்டால் சுருண்டு கீழே விழுகிறது. மருந்துக் கடையில் இலையைக் காட்டியபோது 'வெட்டுப்புழு' என்று சொல்லி பி.டி. பவுடரைக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு முறை அடித்தும் ஒரு புழுகூடச் சாகவில்லை. இலைமேல் ஆரஞ்சு நிறத்தில் குளவி போல ஒன்று மந்தமாக உட்கார்ந்திருக்கிறதே, அதற்கும் இந்தப் புழுவுக்கும் தொடர்பு உண்டா? ஒரு புத்தகம் 'அத்தாலியா பிராக்ஸிமா' என்கிறது, இன்னொன்று 'அத்தாலியா லூகென்ஸ் பிராக்ஸிமா' என்கிறது, எது சரி? கூடவே ஐந்து படங்கள்.

தம்பி, தொடர்பு உண்டு. அந்த ஆரஞ்சுப் பூச்சிதான் தாய், கீழே விழுகிற கறுப்பு உருப்படிகள் அதன் பிள்ளைகள். இது கடுகு ரம்ப ஈ. பெயர்ச் சிக்கலுக்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் பணம் எங்கே வீணானது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

உங்களுடைய மூன்றாவது படத்தில் ஒரு புழு தண்ணீர்ப் பாட்டிலின் மூடிக்குள் மல்லாந்து கிடக்கிறது. தெரியாமல் எடுத்ததோ என்னவோ, ஐந்து படத்தில் உருப்படியானது அதுதான். பெரிதாக்கிக் கால்களை எண்ணிப் பாருங்கள். தலைக்குப் பின்னால் மூன்று ஜோடி, கணுக்கணுவாக, நுனியில் நகத்தோடு இருக்கும். அவை நிஜக் கால்கள். அடுத்து ஒரே ஒரு வளையம் காலில்லாமல் வெறுமையாக இருக்கிறது. அதிலிருந்து வரிசையாக ஏழு ஜோடி கொழகொழவென்ற பொய்க்கால்கள். பிறகு மறுபடி ஒரு வெற்று வளையம், வால் நுனியில் கடைசி ஜோடி. மொத்தம் 11 ஜோடி, 22 கால்கள்.

இனி வெட்டுப்புழுவையோ வைரமுதுகுப் பூச்சியின் புழுவையோ பிடித்து இதேபோல மல்லாத்துங்கள். இரண்டுமே அந்துப்பூச்சிப் புழுக்கள். மூன்று ஜோடி நிஜக் கால்கள், பின்னால் இரண்டு வெற்று வளையங்கள், நான்கு ஜோடி பொய்க்கால், ஓர் இடைவெளி, வாலில் ஒரு ஜோடி. 16 கால்தான். நம் காய்கறித் தோட்டங்களில் திரியும் அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சிப் புழுக்களுக்கு இதுதான் உச்சவரம்பு. காவடிப் புழுவைப் போல் முதுகைத் தூக்கி நடப்பவற்றுக்கு இதைவிடக் குறைவாக இருக்கும், கூடுதலாக இருக்காது. நிஜக் காலுக்கும் முதல் பொய்க்காலுக்கும் நடுவே வெற்று வளையம் ஒன்றா இரண்டா என்று பார்த்தாலே போதும், பாதிச் சண்டை தீர்ந்துவிடும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் இருந்தால் இன்னும் ஒன்று பார்க்கலாம். அந்துப்பூச்சிப் புழுவின் பொய்க்கால் அடியில் நுண்ணிய கொக்கிகள் வட்டமாகவோ பிறையாகவோ இருக்கும். விரலில் ஏறினால் ஒட்டுப்புல் மாதிரிப் பிடித்துக்கொள்வது அவற்றால்தான். ரம்ப ஈப் புழுவுக்கு அந்தக் கொக்கிகள் கிடையாது.

கண்களையும் பார்க்கச் சொல்லிப் புத்தகங்களில் எழுதியிருப்பார்கள். ரம்ப ஈப் புழுவுக்குத் தலையின் ஒவ்வொரு பக்கமும் ஒரே ஒரு கண். அந்துப்பூச்சிப் புழுவுக்குப் பெரும்பாலும் பக்கத்துக்கு ஆறு. உண்மைதான். ஆனால் இந்தப் புழுவின் தலையே கறுப்பு, கண்ணும் கறுப்பு. வெயிலில் நின்றுகொண்டு அதைத் தேடிக் கழுத்து வலித்ததுதான் எனக்கு மிச்சம். காலை எண்ணுவது மேல்.

இது ஏதோ பூச்சிப் பைத்தியங்களின் பொழுதுபோக்கு என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் அடித்த பி.டி. என்பது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா, அதில் குர்ஸ்டாகி என்ற வகை. அதன் புரதம் அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சிப் புழுக்களின் காரத்தன்மையுள்ள குடலில் கரைந்து, குடல் சுவரில் தனக்கென்று அமைந்த இடத்தில் ஒட்டி, ஓட்டை போட்டுக் கொல்கிறது. பெயரில் ஈ என்று இருந்தாலும் இது குளவி வம்சத்துப் புழு, இதனிடம் அந்தச் சாவி எந்தப் பூட்டுக்கும் பொருந்தாது. மருந்து போலி இல்லை, அளவும் குறையவில்லை. ஆள்தான் மாறிப்போய்விட்டது. வைரமுதுகுப் பூச்சிக்கு வைக்கிற இனக்கவர்ச்சிப் பொறியும், வெட்டுப்புழுவுக்கு அடிக்கிற என்.பி.வி. வைரஸும் இங்கே உதவாமல் போவது இதே காரணத்தால்தான். கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. அவருக்கு நீங்கள் காட்டியது ஓட்டை விழுந்த இலையை, புழுவை இல்லை.

நானும் இதே தவறைச் செய்தவன்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நரசீபுரம் பக்கம் ஒரு தோட்டத்தில் முள்ளங்கியைப் பார்த்துவிட்டு, வண்டியை விட்டு முழுதாக இறங்காமலேயே 'வெட்டுப்புழு' என்று சொல்லிவிட்டேன். அந்தத் தோட்டத்து ஆத்தா பதில் ஒன்றும் சொல்லவில்லை. சாளைக்குள் போய் ஒரு முறத்தை எடுத்து வந்தார். செடிக்கு அடியில் முறத்தைச் சாய்த்து, இலையை விரலால் ஒரு சுண்டு சுண்டினார். மழைத்துளி போலப் பொலபொலவென்று பதினைந்து இருபது புழுக்கள் முறத்தில் விழுந்தன. எல்லாம் சுருண்டு, செத்ததுபோலக் கிடந்தன. "வெட்டுப்புழு பகலில் மண்ணுக்குள்ள இருக்குமுங்களே, இது எதுக்குங்க இலைமேல உட்கார்ந்திருக்குது?" என்று கேட்டார். அப்போது மணி எட்டு. எனக்குப் பதில் தெரியவில்லை. முறத்திலிருந்து சில புழுக்களைக் கோழிக்குப் போட்டோம். ஒரு சேவல் ஒன்றைக் கொத்தியது, தலையை உதறி அலகை மண்ணில் துடைத்தது, வேறு பக்கம் போய்விட்டது.

சேவல் ஏன் துப்பியது என்பது பின்னால் படித்தபோதுதான் புரிந்தது. கடுகுக்கும் முள்ளங்கிக்கும் அந்தக் காரம் குளுக்கோசினோலேட் என்ற சேர்மங்களால் வருகிறது. மற்ற பூச்சிகளை விரட்டச் செடி வைத்திருக்கும் ஆயுதம் அது. இந்தப் பூச்சியின் ஐரோப்பியப் பங்காளியான அத்தாலியா ரோசே பற்றி நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். அதன் புழு செடியின் காரத்தைத் தின்று, அதைத் தன் இரத்தத்தில் சேமித்துக்கொள்கிறது. தோல் மிக மெல்லியது. லேசாக அழுத்தினாலே கசிந்து, கடித்தவன் வாயில் அந்தச் சாறு படும். நம் ஊர்ப் புழுவைக் கசக்கினாலும் விரலில் கரும்பச்சைச் சாறு ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்கள்.

சரி, வகைப்பாட்டுக்கு வருவோம். முதலில் இந்த 'ஈ' என்ற சொல்லை ஒதுக்கி வையுங்கள். ஈக்கு இரண்டு இறக்கை. இதற்கு நான்கு. எறும்பு, தேனீ, குளவி எல்லாம் அடங்கிய சவ்விறகிகள் வரிசையைச் சேர்ந்தது இது. தாய்ப்பூச்சியைப் பிடித்துப் பக்கவாட்டில் பாருங்கள். குளவிக்கும் எறும்புக்கும் இருக்கிற நூல் போன்ற இடுப்பு இதற்கு இல்லை. மார்பும் வயிறும் ஒரே தடிமனில், தைத்த சாக்கு மாதிரி ஒட்டியிருக்கும். சிம்பைட்டா என்ற துணைவரிசைப் பெயருக்கே கிரேக்க மொழியில் சேர்ந்து வளர்ந்தது என்றுதான் பொருள். கொட்டுமோ என்று பயப்பட வேண்டாம், இதற்குக் கொடுக்கு கிடையாது. உலகம் முழுக்க ரம்ப ஈக்களில் 8,000 இனங்களுக்கு மேல் பெயர் வைத்திருக்கிறார்கள். சவ்விறகிகளிலேயே மிகப் பழைய புதைபடிவங்கள், 20 கோடி ஆண்டுக்கு முந்தியவை, இந்த இடுப்பில்லாக் கூட்டத்தினுடையவைதான்.

ஒரு நெருடலையும் சொல்ல வேண்டும். கொங்கு நாட்டில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் எந்த ஊர், எந்தக் கூட்டம், எந்தக் கோயில் என்று கேட்டுப் பங்காளியா மச்சானா என்று முடிவு செய்துவிடுவோம். வகைப்பாட்டாளர்கள் செய்வதும் ஏறக்குறைய அதுவே. அவர்கள் கணக்குப்படி சிம்பைட்டா ஒழுங்கான கூட்டமே இல்லை. ரம்ப ஈக்களின் ஒரு கிளையிலிருந்துதான் இடுப்பு சிறுத்த குளவிகள் பிறந்தன. அவற்றிலிருந்து எறும்பும் தேனீயும் வந்தன. அந்தக் கிளை தனிக்குடித்தனம் போய்ப் பெரிய ஊராகிவிட்டது. பழைய வீட்டில் மிச்சம் இருப்பவர்களை எல்லாம் சேர்த்துக் கட்டிய மூட்டைக்குச் சிம்பைட்டா என்று பெயர். வசதிக்காக இன்னும் அந்தப் பெயரைப் புழங்குகிறோம்.

அடுத்தது குடும்பம். உங்கள் இரண்டு புத்தகங்களிலும் டென்திரெடினிடே என்றுதான் போட்டிருக்கும். நானும் அப்படித்தான் படித்தேன், பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். ரம்ப ஈக்களில் மிகப் பெரிய குடும்பம் அது. ஆனால் அத்தாலியா அங்கே எப்போதும் கொஞ்சம் ஒட்டாமல்தான் இருந்தது. அந்தக் குடும்பத்தில் உணர்கொம்பு வழக்கமாக 9 கணுக்கள். அத்தாலியாவுக்குப் பெரும்பாலும் 10 அல்லது 11, நுனிப் பக்கம் லேசாகத் தடித்திருக்கும். 2022இல் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு வெளியான ஓர் ஆய்வு இதைத் தனிக் குடும்பமாகவே பிரித்து அத்தாலிடே என்ற தகுதியைக் கொடுத்துவிட்டது. எனவே பழைய புத்தகத்தில் ஒரு குடும்பம், புதிய கட்டுரையில் வேறு குடும்பம் என்று பார்த்தால் குழம்ப வேண்டாம். பூச்சி அப்படியே இருக்கிறது. ரேஷன் கார்டுதான் பிரிந்திருக்கிறது. ரோஜாவில் வருகிற ஆர்ஜிடே குடும்பத்து ரம்ப ஈயோடு குழப்பிக்கொள்ளாமல் இருப்பதற்கும் இதே உணர்கொம்புதான் துணை. அவற்றுக்கு மூன்றே கணுக்கள், மூன்றாவது மட்டும் கொம்பு முழுக்க நீண்டிருக்கும்.

இப்போது பெயர். இந்த இனத்துக்குப் பெயர் வைத்தவர் ஜெர்மானியப் பூச்சியியலாளர் குளுக். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைத்தார். அத்தாலியா என்ற பேரினம் அப்போது இல்லை. அதை 1817இல் லீச் என்ற ஆங்கிலேயர்தான் ஏற்படுத்தினார். அதனால்தான் கவனமான புத்தகங்களில் குளுக்கின் பெயர் அடைப்புக்குறிக்குள் நிற்கும். பெயர் வைத்தவர் ஒருவர், இப்போது குடியிருக்கும் வீடு வேறு என்பதற்கு அந்த அடைப்புக்குறி அடையாளம். பிராக்ஸிமா என்றால் இலத்தீனில் மிக அருகில் இருப்பது, லூகென்ஸ் என்றால் துக்கம் கொண்டாடுவது. கறுப்பைப் பார்த்து வைத்த பெயராக இருக்கலாம். பிராக்ஸிமாவைத் தனி இனமாகக் கொள்பவர்கள் இரண்டு சொல்லில் எழுதுகிறார்கள். லூகென்ஸ் இனத்தின் துணையினம் என்று கருதுபவர்கள் மூன்று சொல்லில் எழுதுகிறார்கள். இரண்டும் ஒரே பூச்சியைத்தான் குறிக்கின்றன. இந்திய வேளாண் நூல்களில் இப்போது மூன்று சொல் வழக்கே கூடுதலாகத் தென்படுகிறது. எழுதும்போது அதையே எழுதுங்கள். ஒன்று மட்டும், பெயரை வைத்துக் குணத்தை எடைபோடாதீர்கள். மேலே சொன்ன ஐரோப்பியப் பங்காளிக்கு 1758இல் லின்னேயஸ் ரோசே என்று ரோஜாவின் பெயரை வைத்தார். அது தின்பது கடுகுக் குடும்பத்துச் செடிகளை.

உங்கள் படத்தில் இருப்பது இந்த இனம்தான் என்று நான் எந்த அளவுக்கு உறுதி சொல்வேன்? புழு கரும்பச்சை, முதுகில் ஐந்து கோடுகள், தோல் சுருக்கம் சுருக்கமாக, கால் 22, செடி முள்ளங்கி. தாய்ப்பூச்சி ஆரஞ்சு மஞ்சள் உடல், கறுப்புத் தலை, புகை படிந்த இறக்கை, கறுப்பு நரம்புகள். தோட்டத்தில் முடிவெடுக்க இது தாராளம். பூச்சிப் பெட்டியில் சீட்டு எழுதி ஒட்ட இது போதாது. ரம்ப ஈக்களில் இனத்தை முடிவாகச் சொல்வது பெண்ணின் ரம்பம்.

அந்த ரம்பத்தை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். பெண்பூச்சியின் வயிற்று நுனியில், அடிப்பக்கமாக, உறையில் செருகிய கத்தி மாதிரி மடங்கியிருக்கும். ஊசியால் நெம்பி எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால் தேன் நிறத்தில் ஒரு கருக்கரிவாள் தெரியும். அறுப்புக்கு எடுக்கிற அதே கருக்கரிவாளின் பல் வரிசைதான், ஒவ்வொரு பல்லுக்குள்ளும் இன்னும் நுண்ணிய பற்கள். அலகுகள் ஒன்றையொன்று உரசி முன்னும் பின்னும் நகரும். இலை விளிம்பை இதனால் கீறி, மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே ஒரு பை செய்து, ஒரு முட்டையைச் செருகிவிடும். அடுத்த கீறலுக்கு அடுத்த முட்டை. காலை வெயிலுக்கு எதிரே இளம் இலையைத் தூக்கிப் பிடித்தால் ஓரத்தில் கடுகைவிடச் சிறிய கொப்புளங்கள் தெரியும். பற்களின் எண்ணிக்கையும் வடிவமும் இனத்துக்கு இனம் மாறும். ஆண்பூச்சி மட்டும் கையில் இருந்தால் வகைப்பாட்டாளர் உதட்டைப் பிதுக்குவது இதனால்தான்.

தோட்டத்து வேலைக்கு வருகிறேன். இது நாற்றுப் பருவத்துப் பகை. கிழங்கு பருத்த பிறகு இலையில் நான்கு ஓட்டை விழுந்தால் பெரிதாக ஒன்றும் போய்விடாது. இரண்டிலை நான்கிலைப் பயிரில்தான் பாத்தி பாத்தியாக மொட்டையடிக்கும். காலையிலும் மாலையிலும் தின்னும்; உச்சி வெயிலில் இலையடியிலும் மண் இடுக்கிலும் ஒதுங்கும். மதியம் டேங்கைத் தூக்கிக்கொண்டு போனால் நனைவது இலை மட்டும்தான். அந்த ஆத்தாவின் முறம் ஒன்றரை ஏக்கருக்குப் போதாது என்பீர்கள். போதும், ஏனென்றால் புழு முதலில் சில இடங்களில்தான் திரளும். விடிந்ததும் முறத்தில் தட்டி, சோப்புத் தண்ணீர் வாளியில் கொட்டுங்கள். பாத்தி நிறையத் தண்ணீர் கட்டினாலும் நாற்றில் இருக்கிற புழுக்களில் கணிசமாக மூழ்கிச் சாகும். வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம் தின்பதைக் குறைக்கும். பாகற்காய் விதை எண்ணெய்க் கரைசலும் இதே வேலைக்குப் பரிந்துரைக்கப்பட்டிருக்கிறது. ரசாயனம்தான் என்று முடிவு செய்தால், முள்ளங்கிக் கீரையையும் சமைத்துத் தின்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை நினைவில் வைத்து, லேபிளில் அந்தப் பயிரின் பெயரும், மருந்தடித்த பிறகு அறுவடைக்குக் காத்திருக்க வேண்டிய நாளும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

உங்கள் இடத்தில் எனக்குக் கவலை தருவது முள்ளங்கி இல்லை, பக்கத்து நாற்றங்கால். முட்டையிலிருந்து தாய்ப்பூச்சி வரை சுமார் ஒரு மாதம். முள்ளங்கி நாற்பது, நாற்பத்தைந்து நாளில் பிடுங்கிவிடுவீர்கள். அதற்குள் வளர்ந்த புழுக்கள் மண்ணுக்குள் இறங்கி, மண் துகள் ஒட்டிய, தண்ணீர் புகாத முட்டை வடிவக் கூடு கட்டிக்கொள்ளும். அடுத்த தலைமுறை வெளியே வரும்போது எதிரே பச்சைப்பசேல் என்று முட்டைக்கோஸ் நிற்கும். குளிர்ச்சியான பருவம் இதற்குப் பிடிக்கும். திம்பத்து மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி மேலே உங்கள் ஊருக்குப் போனால் கிடைக்கிற அந்தக் குளிர் கோஸுக்கு மட்டும் வாய்த்ததில்லை. அதனால் முள்ளங்கியைப் பிடுங்கிய கையோடு அந்த நிலத்தை உழுதுவிடுங்கள். கூடுகள் மேலே வந்து காயும். மிச்சத்தைக் கரிச்சானும் மைனாவும் பார்த்துக்கொள்ளும். வாராவாரம் சந்தைக்கு வேண்டும் என்று தட்டுத் தட்டாக விதைக்கிற பழக்கம் இருந்தால், இந்த ஒரு பருவத்துக்காவது நிறுத்தி வையுங்கள். அது இந்தப் பூச்சிக்கு நாம் வைக்கிற தொடர் பந்தி.

மாதிரி அனுப்புவதாக எழுதியிருக்கிறீர்கள். மகிழ்ச்சி. புழுவை உயிரோடு சாராயத்தில் போடாதீர்கள், கறுத்துச் சுருங்கிவிடும். கொதித்து இறக்கிய தண்ணீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, பிறகு 70 முதல் 80 சதவீத ஆல்கஹாலில் வையுங்கள். தாய்ப்பூச்சி இரண்டு பெண்ணாவது வேண்டும். வயிற்று நுனியில் அடிப்பக்கம் உறை தெரிந்தால் பெண். சீட்டில் ஊர், தேதி, எந்தச் செடி, பிடித்தவர் பெயர் நான்கும் பென்சிலில் இருக்கட்டும். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். சீட்டில்லாத பூச்சி குப்பை. கோயம்புத்தூர் வரும் வேலை இருந்தால் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் 2018இல் திறந்த பூச்சி அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டுப் போங்கள். பிள்ளைகளை அழைத்து வந்தால் அரை நாள் போவது தெரியாது.

பெண் சிக்காவிட்டால் வளர்த்து எடுக்கலாம். அகன்ற பாட்டிலில் நான்கு விரல் உயரம் ஈர மண், அதன்மேல் தினமும் புது முள்ளங்கி இலை, வாயில் வேட்டித் துணி. நன்றாக வளர்ந்த புழுக்களைப் போட்டால் சில நாளில் மண்ணுக்குள் போய்விடும். பிறகு இரண்டு வாரம் கிளறாமல் விடுங்கள். ஒரே இலையில் பிடித்த புழுக்களாகப் போடாமல் தோட்டத்தின் நான்கு மூலையிலிருந்தும் எடுங்கள். தேனீயைப் போலவே இதிலும் கருவுறாத முட்டை ஆணாகத்தான் பிறக்கும். ஆணோடு சேராத ஒரு தாயின் பிள்ளைகள் மட்டும் உங்கள் பாட்டிலில் இருந்தால், மூன்று வாரம் இலை போட்டு வளர்த்து, கடைசியில் அத்தனையும் ஆணாக வெளியே வந்து நிற்கும். ரம்பம் ஒன்றுகூட இருக்காது. பாட்டிலை எப்போது திறந்தாலும் வீட்டுக்குள் வைத்துத் திறங்கள், நாற்றங்கால் பக்கம் வேண்டாம்.